ஒன்பதடி அகலத்தில் ஒரு கட்டில்

போன மாதம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாக்பீஸால் ஒரு கப்பல் அறை வரைந்தோம். தம்பி குடும்பம் சிங்கப்பூரில் கப்பலேறி நான்கு நாள் கடலில் சுற்றிவிட்டு வர ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. தம்பி, அவன் மனைவி, பன்னிரண்டு வயதுப் பையன், கூடவே எங்கள் அம்மா. "பால்கனி ரூம் சார், நாலு பேர் தாராளமா படுக்கலாம்" என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். அவர் அனுப்பிய படத்தில் அறை கல்யாண மண்டபம் மாதிரி விரிந்து கிடந்தது. அடியில் சின்ன எழுத்தில் 180 சதுர அடி என்று இருந்தது. "அது நம்ம சமையலறையை விடப் பெருசாடா?" என்று அம்மா கேட்டார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனோம்.

பால்கனி அறைகள் பெரும்பாலும் நீண்டு ஒடுங்கியவை. அகலம் 9 அடி, நீளம் 20 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோடியில் நடைபாதைக் கதவு, அந்தக் கோடியில் பால்கனியின் கண்ணாடிக் கதவு. நுழைந்தவுடன் ஒரு பக்கம் குளியலறை, மறுபக்கம் அலமாரி. அதற்கே 6 அடி போய்விடும். மிச்சமுள்ள 14 அடியில்தான் கட்டில், சோபா, மேசை எல்லாம். கட்டில் என்று படத்தில் தெரிவது 3 அடி அகலக் கட்டில்கள் இரண்டை ஒட்டிப் போட்டது. தலைமாடு பக்கச் சுவரில் இருக்கும். நீளம் ஆறரை அடி. ஒன்பதில் ஆறரை போனால் இரண்டரை. கால்மாட்டுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே இருக்கும் அந்த இரண்டரை அடிதான் பாதை. அறையில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக வேறு வழி கிடையாது.

கோட்டுக்குள் பாய் விரித்து அம்மா கால் நீட்டிப் படுத்துப் பார்த்தார். தம்பி மனைவி கையில் பெட்டியோடு அவர் காலடியில் ஒருக்களித்துக் கடந்தாள். பெட்டி அம்மாவின் கட்டை விரலில் இடித்தது.

கப்பல் அறை எடுப்பவர்கள் எந்த டெக், பால்கனி உண்டா, விலை என்ன என்று கேட்கிறார்கள். முதலில் கேட்கவேண்டியது கட்டில் எங்கே நிற்கிறது என்பதுதான் என்று நான் சொல்வேன். வீட்டில் கட்டில் நின்ற இடம் பிடிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இழுத்து வேறு மூலையில் போடலாம். கப்பலில் அது நடக்காது. அங்கே கட்டில் விட்டுக்கொடுத்த இடத்தில்தான் மற்ற எல்லாமே குடியிருக்கின்றன.

ஏன் இவ்வளவு கறார் என்றால், இந்த அறைகள் பெரும்பாலும் கப்பலுக்குள் வைத்துக் கட்டப்படுவதே இல்லை. பின்லாந்தில் துர்க்கு நகருக்குப் பக்கத்தில் பீக்கியோ என்ற ஊரில் கப்பல் அறை செய்வதற்கென்றே ஒரு தொழிற்சாலை இருக்கிறது. சுவர், கூரை, குளியலறை, மின்கம்பி, அலமாரி எல்லாம் பொருத்தி முழு அறையையும் பெட்டியாகச் செய்து லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். கப்பல் கட்டும் இடத்தில் அதைத் தூக்கி, தீப்பெட்டியின் உள்கூட்டைத் தள்ளுவதுபோல எஃகுச் சட்டத்துக்குள் தள்ளி, குழாய்களையும் கம்பிகளையும் இணைத்தால் அறை தயார். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' துர்க்குவில் கட்டப்பட்டதுதான். அதில் மட்டும் 2,805 அறைகள். இத்தனை பெட்டிகளுக்குத் தண்ணீரும் கழிவும் காற்றும் போக வேண்டும் என்பதால் அடுத்தடுத்த இரண்டு அறைகளின் குளியலறைகளை முதுகோடு முதுகாக ஒட்டி, நடுவில் ஒரே குழாய்க் கூண்டை வைத்துவிடுகிறார்கள். அதனால் பக்கத்து அறை பெரும்பாலும் உங்கள் அறையைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாறி இருக்கும்.

பல கப்பல்களில் மாற்றம் இதோடு நிற்பதில்லை. ஓர் அறையில் கட்டில் பால்கனியை ஒட்டியும் சோபா கதவுப் பக்கமும் இருந்தால், அடுத்த அறையில் கட்டில் குளியலறையை ஒட்டியும் சோபா பால்கனிப் பக்கமும் இருக்கும். இரண்டும் ஒரே வகை, ஒரே விலை. இதைப் புத்திசாலித்தனமாகவே பயன்படுத்திய கப்பல் ஒன்று உண்டு. 2010-இல் வந்த 'நார்வேஜியன் எபிக்'கில் அறைச் சுவர்களை நேராக வைக்காமல் அலைபோல வளைத்தார்கள். இங்கே கட்டிலுக்காகச் சுவர் புடைக்கும் இடத்தில் பக்கத்து அறையில் சோபா இருக்கும். அங்கே கட்டிலுக்குப் புடைக்கும் இடத்தில் இங்கே சோபா. யோசனை அழகுதான். ஆனால் அதே கப்பலில் கழிப்பிடத்தை வாசலின் ஒரு பக்கத்திலும் ஷவரை மறுபக்கத்திலும் மங்கலான கண்ணாடித் தடுப்போடு வைத்து, கைகழுவும் தொட்டியை அறைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். புதுமணத் தம்பதிக்கே கூச்சம் வரும். மாமியாரோடு போகிறவர்கள் நிலையை நான் விவரிக்க வேண்டியதில்லை.

பால்கனியை ஒட்டிய கட்டில் இரண்டு பேருக்கு நல்லது. படுத்தபடியே விடிவதைப் பார்க்கலாம். நடைபாதையில் நள்ளிரவுக்குப் பிறகும் பேசிக்கொண்டு போகிறவர்களின் சத்தத்துக்கும் தலையணைக்கும் நடுவே சோபா, அலமாரி, குளியலறை மூன்றும் இருக்கும். குறை என்னவென்றால், ஒருவர் தூங்கும்போது மற்றவர் பால்கனிக்குப் போகக் கால்மாட்டில் நுழைந்து திரையை விலக்கியாக வேண்டும். திரை விலகினால் கடல் வெளிச்சம் முழுக்கத் தூங்குகிறவர் முகத்தில். தவிர, சோபா அறையின் இருட்டு மூலைக்குப் போய்விடுவதால் பகலில் அதில் யாரும் உட்காருவதில்லை, ஈரத்துணி போடும் இடமாகிவிடும்.

குளியலறையை ஒட்டிய கட்டிலில் இது தலைகீழ். பகலில் சோபாவிலிருந்தே கடலைப் பார்க்கலாம். இரவில் இரண்டு முறை எழுந்திருக்கிறவர்கள் இருட்டில் நான்கு எட்டு வைத்தால் போதும். ஆனால் பல கப்பல்களில் அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நிற்கத்தான் இடமிருக்கும். ஒருவர் துணி எடுக்கும்போது மற்றவர் கட்டில் மேல் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும். அறுபது தாண்டியவர்கள் கூட வந்தால் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

அடுத்தது நான்காவது ஆள் விவகாரம். "நாலு பேர் படுக்கலாம்" என்றால் இரண்டு பேருக்குக் கட்டில், ஒருவருக்குச் சோபாவை விரித்த படுக்கை, இன்னொருவருக்குக் கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இறங்கும் மேல் பெர்த். கப்பல்காரர்கள் இதைப் 'புல்மன்' என்பார்கள். 1860-களில் மடக்கும் மேல் படுக்கையோடு தூங்கும் ரயில் பெட்டிகள் செய்த அமெரிக்கர் ஜார்ஜ் புல்மன் பெயர் கடலுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. நம் ரயிலில் மிடில் பெர்த்தை விரித்தால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாதல்லவா, இங்கும் அதே கதைதான். மேல் பெர்த் இறங்கிய பிறகு கீழே படுத்திருப்பவர் சட்டென்று எழுந்தால் தலையில் இடி. பகலில் அறைப் பணியாளர் அதை மேலே தள்ளிப் பூட்டிவிடுவார்; இரவு மறுபடி இறக்கி ஏணி மாட்டுவார். சோபா விரிந்துவிட்டால் இன்னொரு சங்கடம். மேசை நாற்காலிக்கு இடமிருக்காது. பால்கனிக் கதவுக்குப் போகும் வழியும் பாதி அடைபடும்.

நான்கு படுக்கை உள்ள அறைக்கே சில சமயம் நான்கு பேரைப் பதிவு செய்ய மறுப்பார்கள். அறை காலியாக இருக்கும், படுக்கையும் இருக்கும், கணினி மட்டும் ஒத்துக்கொள்ளாது. காரணம் உயிர்காக்கும் படகு. டைட்டானிக் மூழ்கிய இரண்டாவது ஆண்டில், 1914-இல், உருவான சோலாஸ் எனப்படும் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் இன்றுவரை திருத்தப்பட்டு நடப்பில் இருக்கிறது. கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் கூடும் இடம் ஒன்று, படகுகள் இன்னின்ன என்று ஒதுக்கியிருப்பார்கள். 'ஓயாசிஸ் ஆஃப் தி சீஸ்' கப்பலின் படகு ஒன்றில் 370 பேர் ஏறலாம். அதற்கு மேல் ஓர் ஆள் கூடாது. அந்தப் பகுதியில் குழந்தை குட்டிகளோடு நிறையக் குடும்பங்கள் முன்பே பதிந்துவிட்டால் உங்கள் அறையின் மூன்றாவது, நான்காவது படுக்கைகள் மடங்கியே கிடக்கும். குடும்பமாகப் போகிறவர்கள் முன்கூட்டியே பதிய வேண்டும் என்பதற்கு விலையைவிட இதுதான் பெரிய காரணம்.

கட்டில் எந்தத் திசை பார்க்கிறது என்பதற்கு வருவோம். கப்பல் இடவலமாகச் சாய்ந்தாடும். முன்பின்னாகவும் ஏறி இறங்கும். நம் மீனவர்கள் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொல்வார்கள். கப்பலின் ஓரத்து அறையில் தலைமாடு பக்கச் சுவரில் இருந்தால் உங்கள் உடம்பு அணியம்–அமரம் கோட்டுக்கு இணையாகக் கிடக்கும். கப்பல் இடவலம் சாயும்போது தூளிக் குழந்தை மாதிரி பக்கவாட்டில் புரளுவீர்கள். அதே அறையில் இரண்டு கட்டில்களையும் பிரித்துப் பக்கச் சுவர்களை ஒட்டி நீளவாட்டில் போட்டால், சாயும்போது தலை ஒருமுறை உயரும், கால் ஒருமுறை உயரும். சிலருக்கு முதலாவது பிடிக்காது, சிலருக்கு இரண்டாவது வயிற்றைக் கலக்கும். பெரிய கப்பல்கள் இருபுறமும் நீருக்கடியில் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகளை நீட்டி இந்தச் சாய்வைப் பெருமளவு அடக்கிவிடுகின்றன.

முன்பின் ஆட்டத்தை அப்படி அடக்க முடியாது. ஐகான் கப்பலின் நீளம் 365 மீட்டர். கணக்குக்காக அது நடுவை அச்சாகக் கொண்டு ஒரே ஒரு பாகை எழுகிறது என்று வைத்துக்கொண்டால், அணியத்தின் நுனி 3 மீட்டருக்கு மேல் உயரும். நடுவிலிருந்து 20 மீட்டர் தள்ளியுள்ள அறை 35 சென்டிமீட்டர்தான் உயரும். ஏறத்தாழ 5 வினாடிக்கு ஒருமுறை மேலும் கீழும் போகும் ஆட்டம்தான் மனிதர்களை அதிகம் குமட்ட வைக்கிறது என்று 1970-களிலேயே சோதித்துக் கண்டிருக்கிறார்கள். குமட்டல் வரும் என்று பயப்படுகிறவர்கள் நடுவில், தாழ்ந்த தளத்தில், கட்டில் எப்படி இருந்தாலும் சரி என்று எடுத்துவிடலாம். டைட்டானிக்கில் மூன்றாம் வகுப்பில் தனியாக வந்த ஆண்களை அணியத்திலும் தனியாக வந்த பெண்களையும் குடும்பங்களையும் அமரத்திலும் வைத்தார்கள். நடுப்பகுதி காசுள்ளவர்களுக்கு.

அறை அமைப்பு கப்பலின் வயதையும் பொறுத்தது. 2023-இல் சென்னையிலிருந்து இலங்கைத் துறைமுகங்களுக்குப் போன 'எம்ப்ரஸ்', 1990-இல் பிரான்சின் சென் நசேரில் கட்டப்பட்ட கப்பல். அந்தத் தலைமுறைக் கப்பல்களில் பால்கனி அபூர்வம். சன்னல் அறையும் சன்னலே இல்லாத உள்ளறையும்தான் அதிகம். இன்றைய வடிவமைப்பாளர்கள் கட்டிலையே கரைக்கப் பார்க்கிறார்கள். 'ஸ்கார்லெட் லேடி' கப்பலில் பகலில் கட்டில் எல் வடிவச் சோபாவாக மாறிவிடும். டிஸ்னியின் கப்பல்களில் பல அறைகளில் குளியலறையை இரண்டாகப் பிரித்து, குளிக்க ஓர் இடம், கழிப்பிடம் இன்னோர் இடம் என்று கதவோடு வைத்திருக்கிறார்கள். காலையில் நாலு பேர் கிளம்பும் வீட்டைப் பற்றித் தெரிந்தவர் யாரோ யோசித்த வேலை அது.

டெக் பிளானில் அறை எண்ணுக்குப் பக்கத்தில் முக்கோணம், நட்சத்திரம், சின்ன வட்டம் என்று குறிகள் இருக்கும். மூன்றாவது படுக்கை, சோபாப் படுக்கை, பிரிக்க முடியாத கட்டில், பக்கத்து அறைக்குக் கதவு எல்லாம் அவற்றில்தான் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குறிப்பட்டியல் வைத்திருப்பதால் கீழே உள்ள விளக்கத்தைப் படிக்காமல் ஊகிக்கக் கூடாது. விலை குறைவு என்று அறை எண்ணே தராத 'கேரண்டி' டிக்கெட் எடுத்தால் இவற்றில் எதையும் நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, கிடைத்ததுதான். இரவில் மூச்சுக் கருவி மாட்டித் தூங்குபவர்கள் பிளக் எங்கே இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய கப்பல்களில் அது மேசைப் பக்கம்தான், கட்டிலுக்கு எட்டாது.

எங்கள் மாடியில் கடைசியாக ஆனது இது. பையன் மேல் பெர்த் தனக்குத்தான் என்று அரை மணி நேரம் முன்பே அறிவித்துவிட்டான். கட்டிலை இரண்டாகப் பிரிக்கச் சொல்லி முன்னதாகவே எழுதிவிடுவது, ஒன்றில் அம்மா, இன்னொன்றில் தம்பி மனைவி. அறை குளியலறையை ஒட்டிய கட்டில் உள்ளதாக இருக்க வேண்டும் என்று ஏஜெண்டிடம் எண்ணோடு கேட்டு வாங்கியாகிவிட்டது. மிஞ்சியது சோபா. சாக்பீஸ் கோட்டில் அதன் நீளம் சரியாக 6 அடி. தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் படுத்தான். அவன் உயரம் 5 அடி 11 அங்குலம்.

"ஒரு அங்குலம் மிச்சம்மா" என்றான்.

"தலையணை வைக்கணுமே" என்றார் அம்மா.