பேரம் பேசலாம் வாங்க

ஐதராபாத்தில் அமீர்பேட் என்று ஓர் இடம். வெளியூர்ப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் பயிற்சி வகுப்புகளில் படிக்கிறார்கள். சாலையோரத்தில் துணி, செருப்பு, பை விற்கும் கடைகள் இருக்கின்றன.

பல கடைகளில் விலைச் சீட்டு இருக்காது. "எந்த?" என்று கேட்க வேண்டும். தெலுங்கில் அதற்கு "எவ்வளவு?" என்று பொருள். ஒரு பைக்கு 400 ரூபாய் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே பேரத்தில் இறங்கக் கூடாது. இன்னும் இரண்டு கடைகளில் விசாரியுங்கள். அப்போதுதான் உண்மை விலை பிடிபடும். பிறகு "தக்கிஞ்சண்டி" என்று கேளுங்கள். குறைத்துக் கொடுங்கள் என்று அர்த்தம். பொருளைப் பழிக்க வேண்டாம். கடைக்காரருக்குக் கோபம்தான் வரும். விலை படியாவிட்டால் மெல்ல நடங்கள். கட்டுப்படியானால் அவரே கூப்பிடுவார்.

காய்கறிக்கு வேறு வழி உண்டு. அமீர்பேட்டுக்கு அருகே எர்ரகட்டாவில் ரைத்து பஜார் இருக்கிறது. நம் ஊர் உழவர் சந்தை மாதிரிதான். இரண்டுமே 1999-இல் தொடங்கியவை. விவசாயிகளே விற்பார்கள். அன்றைய விலை பலகையில் இருக்கும். அதைப் படித்து வைத்துக்கொண்டால், தெருவில் வாங்கும்போதும் ஏமாற மாட்டோம்.

தராசையும் கவனிக்க வேண்டும். கிலோ 40 ரூபாய்த் தக்காளியை 37-க்குப் பேசி முடித்தாயிற்று. மகிழ்ச்சிதான். எடையில் 100 கிராம் குறைந்தால், போனது 4 ரூபாய்த் தக்காளி!