ரைட்டும் லைட்டும் ஒன்றாகக் கேட்கும் காது

‘ரைட்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் ‘லைட்’ என்ற சொல்லையும் வேறுபடுத்திக் கேட்பது தமிழருக்குச் சிரமமான செயலன்று. ரகரமும் லகரமும் தமிழில் தனித்தனி ஒலியன்கள், அதாவது ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் ‘கரை’ ‘கலை’யாகிப் பொருளே மாறிவிடும் ஒலிகள். ஜப்பானிய மொழியிலோ இவ்விரண்டின் இடத்தையும் நிரப்புவது ஒரே ஒலியன். அதனால் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் படித்த ஜப்பானியர் பலருக்கும் மேற்கண்ட இரு சொற்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே கேட்கின்றன. ‘பல்லி’க்கும் ‘பள்ளி’க்கும் வேறுபாடு காணாத ஆங்கிலேயரின் நிலையும் இதுவே. ஆங்கிலம் கற்பிக்கும் தொழில்நுட்பங்களில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று இந்தச் சிறு இடர்ப்பாட்டைச் சுற்றியே வளர்ந்தது.

இடர்ப்பாடு நாவில் இல்லை என்பது முதலில் தெரியவந்தது. ஹிரோமு கோட்டோ 1971இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்விரு ஒலிகளையும் அமெரிக்கர் ஏற்கும் வகையில் உச்சரிக்கக்கூடிய ஜப்பானியர்கூட அவற்றைச் செவியால் பிரித்தறியத் தடுமாறினர். செவியிலும் குறையில்லை என்பதை 1975இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியது. நாவும் உதடும் கொள்ளும் வடிவத்துக்கு ஏற்பப் பேச்சொலியில் சில அதிர்வெண் பகுதிகள் வலுப்பெறுகின்றன. ஒலியியலார் இவற்றை ஃபார்மண்ட் என்று அழைத்து, கீழிருந்து மேலாக எண்ணிடுகின்றனர். ஆங்கில ரகரத்தில் மூன்றாம் ஃபார்மண்ட் தாழ்ந்தும் லகரத்தில் உயர்ந்தும் இருப்பதே இரண்டுக்கும் இடையிலுள்ள முதன்மையான வேறுபாடு. அந்த மூன்றாம் ஃபார்மண்டை மட்டும் தனியே பிரித்து, பேச்சுப் போலத் தோன்றாத ஓர் ஓசையாக ஒலிக்கச் செய்தபோது ஜப்பானியர் அதன் ஏற்ற இறக்கத்தை அமெரிக்கருக்கு இணையாகவே கண்டறிந்தனர். அதே ஓசை ஒரு சொல்லுக்குள் வந்தவுடன் வேறுபாடு மறைந்துபோயிற்று. தாய்மொழிக்குத் தேவையற்ற வேறுபாடென்று மூளை அதனைத் தள்ளிவிடுகிறது என்பதே இதன் பொருள். இந்தப் பழக்கம் மிக இளமையிலேயே வேர்கொள்கிறது: ஆறு முதல் எட்டு மாதம் வரையிலான ஜப்பானியக் குழந்தைகளும் அமெரிக்கக் குழந்தைகளும் இவ்வேறுபாட்டை உணர்வதில் சமமாக இருக்க, பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அமெரிக்கக் குழந்தைகள் முன்னேறிவிடுகின்றனர், ஜப்பானியக் குழந்தைகள் பின்தங்கிவிடுகின்றனர்.

வளர்ந்தவரின் காதைத் திரும்பப் பழக்க முடியுமா என்ற கேள்விக்கு ஒலிநாடாக் காலத்தில் நல்ல விடை கிடைக்கவில்லை. சோவியத் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் 1957இல் வானேறியதைக் கண்டு திகைத்த அமெரிக்கா, அடுத்த ஆண்டே ஒரு சட்டம் இயற்றி, அந்நிய மொழி கற்பிக்கும் மொழிக்கூடங்களுக்குப் பெரும் பணம் ஒதுக்கியது. அக்கூடங்களில் மாணவர் காதுக்கருவி அணிந்து, நாடாவில் ஒலித்ததைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தனர். நாடா சலிப்பின்றிப் பேசியது உண்மைதான். ஆனால் மாணவர் கேட்டது எது, தவறாகக் கேட்டது எது என்பதை அது அறியவில்லை.

கணினி அந்த இடத்தை நிரப்பியது, ஆனால் முதல் முயற்சியிலேயே அன்று. 1984இல் ஆய்வாளர் இருவர், கணினியால் செயற்கையாக உருவாக்கிய ‘ராக்’, ‘லாக்’ என்னும் ஒலிகளைக் கொண்டு ஜப்பானியருக்குப் பயிற்சியளித்தனர்; செயற்கை ஒலியில் தேர்ச்சி பெற்றவர்கள் மனிதர் பேசும் சொற்களைக் கேட்டபோது பழையபடியே தடுமாறினர். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் லோகன், லைவ்லி, பிசோனி ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. அவர்கள் எடுத்துக்கொண்டவை ஐந்து வெவ்வேறு மனிதர் பேசிய 68 இணைச் சொற்கள். ஒவ்வோர் இணையிலும் ஒரே ஓர் ஒலிதான் வேறுபடும். கேட்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து பொத்தானை அழுத்துவார், சரியா தவறா என்பதைக் கணினி உடனே சொல்லும். அவ்வளவுதான் பயிற்சி, விளக்கமும் இலக்கணமும் அதில் இடம்பெறவில்லை. மூன்று வாரங்களில் 15 அமர்வுகள் முடிந்தபின், ஆறு ஜப்பானியரின் சராசரித் தேர்ச்சி சுமார் 78 விழுக்காட்டிலிருந்து 86 விழுக்காடாயிற்று. 1997இல் வெளிவந்த தொடர் ஆய்வு இன்னும் வியப்பானது: காதுக்கு மட்டுமே பயிற்சி பெற்றவர்களின் உச்சரிப்பும் அமெரிக்கச் செவிகளுக்கு முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

வெற்றிக்குக் காரணம் பல குரல்களைக் கேட்டதே என்று நெடுங்காலம் நம்பப்பட்டது, ஏனெனில் ஒரே குரலில் பயின்றவர்கள் புதிய குரலைக் கேட்டபோது தடுமாறியதாக 1993இல் அதே குழு தெரிவித்திருந்தது. ஆயினும் 2022இல் மிகுதியான ஆட்களைக் கொண்டு அதைத் திரும்பச் செய்து பார்த்த ஆய்வொன்று, பயிற்சி பலனளிப்பதை உறுதிசெய்ததேயன்றி, ஒரு குரலைவிடப் பல குரல்கள் மேலானவை என்பதற்கு வலுவான சான்றைக் காணவில்லை. எனவே இம்முறையின் சிறப்பை அதன் சலியாத பொறுமையில் தேடுவதே பொருந்தும். நாற்பது மாணவர் அமர்ந்த வகுப்பில் ஒவ்வொருவரிடமும் நாளொன்றுக்கு இருநூறு முறை ‘எது கேட்டது’ என்று வினவி, ஒவ்வொரு விடைக்கும் மறுமொழி சொல்ல எந்த ஆசிரியராலும் இயலாது.

இதே பொறுமையை நம்பி, பேச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருளை உச்சரிப்புக்கு நீதிபதியாக அமர்த்தும் வழக்கம் இப்போது பெருகியுள்ளது. அதில் எச்சரிக்கை தேவை. அம்மென்பொருள் ஒலியை மட்டும் நம்புவதில்லை, முன்பின் வரும் சொற்களைக் கொண்டு எது பொருந்தும் என்றும் ஊகிக்கிறது. ‘விளக்கை அணை’ என்று ஆங்கிலத்தில் சொல்பவர் லகரத்தை ரகரமாக ஒலித்தாலும் திரையில் பெரும்பாலும் விளக்கே தோன்றும். எழுதித்தரும் பணிக்கு அது சிறப்பு. பிழை காட்டும் பணிக்கு அதுவே குறை. மேலும், பயிற்சி பெறுவோர் கைக்குழந்தைகளானால் கணினியின் பொறுமையும் பயன்படாது. 2003இல் ஆய்வாளர் பட்ரீஷியா கூல் குழுவினர், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைச் சீன மொழி பேசுவோருடன் விளையாடவிட்டபோது அவை அம்மொழியின் ஒலி வேறுபாட்டைக் கற்றன. அதே பேச்சைக் காணொளியில் காட்டியபோது எதையும் கற்கவில்லை.

தமிழருக்கும் இத்தகைய குருட்டுப் புள்ளிகள் உண்டு. கீழுதட்டை மேற்பல்லால் தொட்டு ஒலிப்பது ஆங்கிலத்தில் ஒன்று, இதழ்களைக் குவித்து ஒலிப்பது மற்றொன்று. இரண்டுக்கும் தமிழில் வகரம் ஒன்றே. உள்ளாடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் மேற்குத் திசையைக் குறிக்கும் சொல்லும் தமிழெழுத்தில் ‘வெஸ்ட்’ என்றே அமைவதால், இக்கட்டுரையால் அவ்வேறுபாட்டை எழுதிக்காட்டக்கூட இயலவில்லை. அதைக் காதுக்குப் பழக்க ஐம்பது அறுபது இணைச் சொற்களின் ஒலிப்பதிவும், இரண்டு பொத்தான்கள் கொண்ட ஒரு சிறு நிரலும் போதும். பழைய கைபேசி ஒன்றில், இணைய இணைப்பே இல்லாமல் அது இயங்கும்.