தலைப்பு வரிசை எங்கே போச்சு?

பிளேஸ்மென்ட் சீசன் வந்துட்டாலே டிபார்ட்மென்ட்ல ஒரு பெரிய எக்ஸெல் ஷீட் சுத்த ஆரம்பிச்சிடும். பதிவெண், பெயர், பத்தாம் வகுப்பு சதவீதம், பன்னிரண்டாம் வகுப்பு சதவீதம், சிஜிபிஏ, இப்போ நிலுவையில இருக்கிற அரியர், இதுவரைக்கும் வெச்ச மொத்த அரியர்னு வலது பக்கமா போய்க்கிட்டே இருக்கும். 140வது ஆள் வரைக்கும் கீழ இறங்கிட்டா, மேல இருந்த தலைப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு அரியர் நெடுவரிசை, ரெண்டுலயும் 0, 1, 2 தான். எப்பவோ கிளியர் பண்ணின ஒரு அரியரை நிலுவை நெடுவரிசையில தட்டிட்டா முடிஞ்சது கதை. நிலுவை அரியர் இருக்கக் கூடாதுன்னு சொல்ற கம்பெனிக்கு ஃபில்டர் போடும்போது, அந்தப் பெயர் சத்தமில்லாம காணாமப் போயிடும்.

இதைத் தடுக்க எக்ஸெல்ல இருக்கிற வசதிதான் ஃப்ரீஸ் பேன்ஸ். எக்ஸெல் ஷீட்ல 10,48,576 வரிசைகள் இருக்கு. அதுல எது தலைப்பு, எது டேட்டான்னு அதுக்குத் தெரியாது. நாமதான் சொல்லணும்.

எப்படிச் சொல்றது? நம்ம ஷீட்ல முதல் வரிசை கல்லூரி பெயர், ரெண்டாவது டிபார்ட்மென்ட், மூணாவதுதான் உண்மையான தலைப்பு. இடது பக்கம் ஏ வரிசை எண், பி பதிவெண், சி பெயர். இதெல்லாம் அசையாம நிக்கணும். அப்போ டி4 செல்லை கிளிக் பண்ணிட்டு, வியூ டேப்ல ஃப்ரீஸ் பேன்ஸ் கொடுங்க. கீபோர்டுலயே முடிக்கணும்னா ஆல்ட், டபிள்யூ, எஃப், எஃப்னு ஒவ்வொண்ணா தட்டுங்க. விதி இவ்வளவுதான்: நீங்க நிக்கிற செல்லுக்கு மேல இருக்கிற வரிசைகளும், இடது பக்கம் இருக்கிற நெடுவரிசைகளும் உறைஞ்சிடும். கீழ போனா தலைப்பு கூடவே இருக்கும், வலது பக்கம் போனா பெயர் கூடவே இருக்கும்.

அதே மெனுவுல ஃப்ரீஸ் டாப் ரோன்னு ஒண்ணு இருக்கு. பேரைப் பார்த்து நம்ம ஷீட்ல அதைத் தட்டினா கல்லூரி பெயர் மட்டும்தான் நிக்கும், தலைப்பு ஓடிடும். அது ஒரே ஒரு வரிசைக்குத்தான். அதுக்கப்புறம் ஃப்ரீஸ் ஃபர்ஸ்ட் காலம் கொடுத்தா முதல்ல போட்டது போயிடும். ரெண்டும் வேணும்னா செல் வழிதான் சரி.

இன்னொரு விஷயம். ஃப்ரீஸ் பண்றதுக்கு முன்னாடி ஷீட்டோட உச்சிக்குப் போயிடுங்க. பாதி ஸ்க்ரோல் பண்ணின நிலையில ஃப்ரீஸ் பண்ணா, மேல மறைஞ்சிருக்கிற வரிசைகளை ஸ்க்ரோல் பண்ணிப் பார்க்கவே முடியாது. அன்ஃப்ரீஸ் பண்ணாத்தான் திரும்ப வரும். ஃப்ரீஸ் பட்டன் மங்கலா இருந்தா, ஏதோ ஒரு செல்லை எடிட் பண்ணிக்கிட்டு இருக்கீங்க, இல்லன்னா பேஜ் லேஅவுட் வியூவுல இருக்கீங்கன்னு அர்த்தம்.

கூகுள் ஷீட்ஸ்ல கணக்கு கொஞ்சம் மாறும். அங்க உறைய வேண்டிய கடைசி செல்லை, அதாவது சி3-ஐ, கிளிக் பண்ணணும். வியூ, ஃப்ரீஸ் போய், மூணாவது வரிசை வரைன்னு ஒரு தடவை, சி நெடுவரிசை வரைன்னு இன்னொரு தடவை கொடுக்கணும். கல்லூரி பெயரை அழகா நடுவுல வைக்க முழு வரிசையையும் மெர்ஜ் பண்ணியிருந்தா, நெடுவரிசையை ஃப்ரீஸ் பண்ண விடாது. மெர்ஜ் ஆன செல்லைப் பாதியா வெட்ட முடியாதுல்ல? மெர்ஜை எடுத்துட்டு பெயரை இடது ஓரமா வெச்சா வேலை முடிஞ்சது.

லிப்ரே ஆஃபீஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு எக்ஸெல் விதியே போதும். வியூ மெனுவுல ஃப்ரீஸ் ரோஸ் அண்ட் காலம்ஸ்.

ரெண்டு விஷயத்தை மட்டும் ஃப்ரீஸ் செய்யாது. ஒண்ணு, பூட்டுப் போடாது. உறைஞ்ச தலைப்பையும் யாரு வேணும்னாலும் அழிக்கலாம், அதுக்கு ப்ரொடெக்ட் ஷீட் தனியா இருக்கு. ரெண்டாவது, எக்ஸெல்ல பிரிண்ட் எடுத்தா ரெண்டாம் பக்கத்துல தலைப்பு வராது. பேஜ் லேஅவுட் டேப்ல பிரிண்ட் டைட்டில்ஸ் போய், மேல திரும்ப வர வேண்டிய வரிசையா மூணாவதைக் கொடுங்க.

ஷீட்டை குரூப்ல போடுறதுக்கு முன்னாடி கடைசி ஆள் வரைக்கும் கீழயும், கடைசி நெடுவரிசை வரைக்கும் வலது பக்கமும் ஒரு தடவை போய்ப் பாருங்க. அங்க நின்னும் தலைப்பும் பெயரும் தெரிஞ்சா, தைரியமா அனுப்பலாம்.