பெட்டி நிறைந்ததா, கண் மறைந்ததா?

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே உள்ள சின்ன ரயில் நிலையம் அனுப்பம்பட்டு. பொன்னேரி போய் பஸ் பிடித்தால் பழவேற்காடு. அங்கிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் பையில் இறாலும் நண்டும் வரும், செருப்பில் ஏரிக்கரை மணலும் வரும். கூட்டித் தள்ள அம்மாவிடம் ஒரு துடைப்பமும் முறமும் இருந்தன. போன பொங்கலுக்குச் சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் ஒரு ரோபோ வேக்குவம் கிளீனரைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினாள். வட்டமாக, சப்பையாக, தோசைக்கல்லைக் கவிழ்த்தது போல இருந்தது.

மூன்றாம் நாள் அது கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, குப்பைப் பெட்டி நிறைந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னது. கழற்றிப் பார்த்தேன். அடியில் ஒரு கைப்பிடி மணல், மேலே தலைமுடிச் சுருள் ஒன்று. பாதிகூட இல்லை. கொட்டிவிட்டு மாட்டினேன். மறுபடியும் அதே குரல்.

"காலிப் பெட்டியப் போயி நெறஞ்சிடுச்சுன்னு சொல்லுதே, இதுக்கென்னடா கண்ணு தெரியலையா?" என்றார் அம்மா.

அம்மா கேலியாகத்தான் சொன்னார். ஆனால் கோளாறு அதுவேதான்.

பெட்டியின் மேல்பகுதியில், இரண்டு பக்கச் சுவர்களிலும், மிளகு அளவுக்கு ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. ஒரு சன்னலுக்குப் பின்னால் அகச்சிவப்பு ஒளி விடும் எல்.ஈ.டி.; எதிர்ச் சன்னலுக்குப் பின்னால் அந்த ஒளியை வாங்கும் சில்லு. டி.வி. ரிமோட்டின் மூக்கில் இருக்கும் அதே வகை எல்.ஈ.டி.தான், நம் கண்ணுக்குத் தெரியாது. ரிமோட்டின் பொத்தானை அழுத்திக்கொண்டே செல்போனின் முன்பக்கக் கேமராவில் காட்டிப் பாருங்கள், பெரும்பாலான போன்களில் ஊதா நிறத்தில் மினுக்கும். பெட்டி காலியாக இருந்தால் ஒளி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தடையில்லாமல் போகிறது. குப்பை சன்னல் உயரத்துக்கு வந்தால் ஒளி மறைகிறது. மறைந்தால் "நிறைந்துவிட்டது". அவ்வளவுதான் அதன் அறிவு.

இதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. உறிஞ்சும்போது பெட்டிக்குள் குப்பை சுழன்று பறக்கும். ஒரு பஞ்சு குறுக்கே பறந்தாலே நிறைந்துவிட்டது என்று கூச்சல் போட்டால் வீடு தாங்காது. அதனால் ஒளி தொடர்ந்து சில நொடிகள் மறைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்கும். சன்னல் வழியாக வெயில் உள்ளே விழுந்து ஏமாற்றவும் கூடும். எல்.ஈ.டி.யை அணைத்து ஒரு அளவு, ஏற்றி ஒரு அளவு எடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கணக்கில் வைத்தால் வெயில் கழிந்துவிடும்.

ஆனால் சன்னல் மேலேயே ஒரு படலம் படிந்துவிட்டால்? வாசலில் அம்மா போடும் கோலமாவு, சாமி மாடத்துத் திருநீறு, அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிய தூசி. எல்லாவற்றுக்கும் மேல் ஏரிப் பக்கத்து ஈரக் காற்று. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் பட்ட தூசி ஒட்டிக்கொள்ளும். ஒளி போய்ச் சேரவில்லை என்பது மட்டுமே சில்லுக்குத் தெரியும். வழியில் மலை நிற்கிறதா, வாசலில் திரை தொங்குகிறதா என்று அதற்குத் தெரியாது. பழைய பனியன் துணியால் இரண்டு சன்னலையும் துடைத்து மாட்டினேன். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தது.

இதோடு கதை முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. இரண்டு மாதம் கழித்து நேர்மாறாக ஒன்று நடந்தது. பழவேற்காட்டிலிருந்து ஒரு கும்பல் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனது. அதன்பின் ரோபோ மூன்று நாள் ஓடியது. ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் போன இடத்திலெல்லாம் கோடாக மணலை விட்டுப் போனது. பெட்டியைத் தூக்கினால் கை இறங்கியது. பாதிக்கு மேல் மணல், மேற்பரப்பு மட்டமாக, சன்னலுக்கு ஒரு விரல்கடை கீழே. ஒளி மணலுக்கு மேலே சுகமாகப் போய்க்கொண்டிருந்தது.

இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் முந்நூறு, நானூறு மில்லி கொள்ளும். உலர்ந்த மணல் ஒரு மில்லி ஏறத்தாழ ஒன்றரை கிராம். இருநூறு மில்லி மணல் என்றால் முந்நூறு கிராம். அதே இருநூறு மில்லிக்கு முடியும் பஞ்சும் அடைத்தால் கையில் கனமே தெரியாது. முடி பந்தாகச் சுருண்டு மேலே எழும்பிச் சன்னலை மறைக்கும், பெட்டி பாதி காலியாக இருக்கும்போதே. மணல் அடியில் படுத்துவிடும். முடி உதிரும் வீட்டில் இந்தக் கருவி அவசரக்காரன், மணல் வீட்டில் தூங்குமூஞ்சி. ஒளி பாயும் பெட்டியை வடிவமைத்தவர் மனத்தில் இருந்தது கம்பளம் விரித்த, நாய் பூனை வளர்க்கும் வீடு என்பது என் ஊகம். அங்கே குப்பை என்றால் பஞ்சும் ரோமமும்தான்.

எடை போட்டுப் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். ரோபோவே மூன்று, நான்கு கிலோ. ஓயாமல் முட்டி மோதி, மேடேறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குள் பத்து கிராம் பஞ்சை நிறுப்பது ஓடும் பஸ்ஸில் தங்கம் நிறுப்பது மாதிரி.

சிலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்: பெட்டி நிறைந்ததை அறிவது வேறு, தரையில் தூசி அதிகம் இருக்கிறதா என்று அறிவது வேறு. இரண்டாவதற்குப் பல ரோபோக்கள் கண்ணை நம்புவதில்லை, காதை நம்புகின்றன. அமெரிக்காவின் ஐரோபாட் நிறுவனம் 2002-ல் ரூம்பா என்ற ரோபோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரூம்பா வகைகளில் பலவற்றில் குப்பை உள்ளே ஏறும் வழியில் ஒரு சின்ன உலோகத் தகடு உண்டு. அதன் முதுகில் பீசோ என்கிற பொருள். பீசோவை எல்லோரும் தினமும் தொடுகிறோம். கேஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை 'டக்' என்று அழுத்துகிறோமே, உள்ளே ஒரு சுத்தியல் பீசோத் துண்டை அடிக்கிறது, பல ஆயிரம் வோல்ட் பிறந்து பொறி பறக்கிறது. அடித்தால் மின்சாரம் தரும் இந்தக் குணத்தை 1880-ல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டறிந்தார்கள். ரோபோவுக்குள் சுத்தியல் வேலையை மணல் துகள் செய்கிறது. தகட்டில் ஒரு மணல் மோதினால் ஒரு சின்ன மின்துடிப்பு. துடிப்புகள் கூடினால், இங்கே அழுக்கு அதிகம் என்று அதே இடத்தில் இன்னொரு சுற்றுப் போகும்.

டைசன் நிறுவனம் 2021-ல் கொண்டுவந்த, கையில் பிடித்துக் கூட்டும் வேக்குவம் கிளீனர் ஒன்றிலும் பீசோதான். நொடிக்கு 15,000 முறை வரை அளந்து, என்ன அளவுத் துகள் எத்தனை என்று சின்னத் திரையில் காட்டுகிறது. பார்க்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. கூட்டுகிறவருக்கு அந்தக் கணக்கு எதற்கு என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எங்கள் ஊர் மணல் என்றால் அந்தக் காதுக்கு நன்றாகவே கேட்கும். தலைமுடி தகட்டில் பட்டால் சத்தமே வராது. கோலமாவும் அப்படித்தான். ஆக, கண்ணுக்கு முடி பிடிக்கும் மணல் பிடிக்காது. காதுக்கு மணல் பிடிக்கும் முடி பிடிக்காது. இரண்டையும் ஒன்றாக வைத்து அளக்கும் ரோபோக்களும் உண்டு.

மூன்றாவது வழி காற்று. பெட்டி அடைத்தாலோ, வடிகட்டி அடைத்தாலோ காற்றோட்டம் குறைகிறது. அப்போது மோட்டார் திணறும், மின்சாரம் அதிகம் இழுக்கும் என்றுதான் தோன்றும். நடப்பது தலைகீழ். காற்று ஓடினால்தான் விசிறிக்கு வேலை. தள்ளக் காற்று இல்லாதபோது சுமை குறைந்து, வேகம் கூடி, மின்சாரம் குறைகிறது. சாதாரண வேக்குவம் கிளீனரின் குழாய் வாயை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள்: சத்தம் கீச்சென்று மேலே ஏறும். அதை மின்னணுச் சில்லு அளந்தால் அடைப்பு தெரிந்துவிடும். ஆனால் பெட்டி நிறைந்ததா, வடிகட்டி அடைத்ததா, பிரஷில் முடி சுற்றியதா என்று இந்த வழியில் பிரித்துச் சொல்வது கஷ்டம். தானே பெட்டியைக் காலி செய்யும் நிலையத்தோடு வரும் ரோபோக்கள் சிலவற்றில், நிலையத்தில் உள்ள பை நிறைந்ததை காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் அறிகிறார்கள். தானே காலி செய்யும் யோசனை புதிதல்ல. கெர்ஷர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ரோபோ 2003 வாக்கிலேயே நிலையத்துக்குப் போய்த் தன் குப்பையைத் தானே கொட்டியது.

விலை குறைந்த பல ரோபோக்களில் இது எதுவுமே கிடையாது. பெட்டி மாட்டியிருக்கிறதா இல்லையா என்பதை ஒரு காந்தத்தை வைத்து மட்டும் அறியும். இத்தனை மணி நேரம் ஓடிவிட்டது, பெட்டியைக் கொட்டு என்று நேரக் கணக்கில் நினைவூட்டும். உள்ளே குப்பை இருக்கிறதா என்று பார்க்கவே பார்க்காது.

இதே கேள்வியைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிக் கேட்கும் இடம் ஒன்று எங்களுக்கு மூன்று நாலு ஸ்டேஷன் தள்ளி இருக்கிறது. சென்னைக்கு ரயிலில் போனால் அத்திப்பட்டுப் பக்கம் புகைபோக்கிகள் தெரியும். வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. வட சென்னை அனல்மின் நிலையம் வேறு. இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல். அனல்மின் நிலையத்தில் புகையோடு பறக்கும் சாம்பலை, உயர் மின்னழுத்தம் ஏற்றிய கம்பிகளுக்கும் தகடுகளுக்கும் நடுவே விட்டு, தகட்டில் ஒட்டவைத்து, தகட்டைச் சுத்தியலால் தட்டி, கீழே புனல் வடிவத் தொட்டிகளில் விழச் செய்வார்கள். ஹாப்பர் என்பார்கள். அது நிறைந்ததைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும்; சாம்பல் தகடு வரை எழும்பிவிட்டால் மின்சாரம் அதன் வழியே ஓடித் தகடுகள் செயலிழந்துபோகும், வளையவும் கூடும்.

அந்தச் சூட்டிலும் சாம்பல் மழையிலும் ஒளிக்கதிர் எடுபடாது. ஹாப்பருக்குள் ஒரு கம்பியை நீட்டிவைக்கிறார்கள். கம்பியும் உலோகச் சுவரும் சேர்ந்து ஒரு கண்டென்சர். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் மாற்றிப் போடுவாரே, அந்த வகைதான். கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் காற்று இருந்தால் ஒரு மதிப்பு, சாம்பல் வந்தால் இன்னொரு மதிப்பு. மதிப்பு மாறினால் மணி அடிக்கும்.

இங்கேயும் அம்மாவின் கேள்விதான் வந்து நிற்கிறது: கம்பி மேலேயே சாம்பல் அப்பிக்கொண்டால்? அதற்கு நல்ல தந்திரம் வைத்திருக்கிறார்கள். கம்பி சுவரை விட்டு வெளிவரும் இடத்தில் அதைச் சுற்றி இன்னொரு உலோக உறை. கம்பிக்கு என்ன மின்னழுத்தமோ, அதே மின்னழுத்தம் உறைக்கும். இரண்டு குளத்திலும் நீர்மட்டம் ஒன்றாக இருந்தால் நடுக் கால்வாயில் தண்ணீர் ஓடாதல்லவா? அப்பிய சாம்பல் வழியே கம்பியிலிருந்து கசிவு ஓட வழியில்லை. உண்மையாகவே தொட்டி நிறைந்து சாம்பல் கம்பியின் நுனியைச் சூழ்ந்தால்தான் அளவு மாறும். புகைபோக்கியில் புகையின் அடர்த்தியை அளக்க ஒளிக்கதிர் பாய்ச்சும் கருவிகளும் உண்டு. அவற்றின் கண்ணாடி முன்னால் சுத்தமான காற்றை ஊதிக்கொண்டே இருக்க ஒரு ஊதுவிசிறி வைப்பார்கள். கண்ணில் தூசி படியாமல் இருக்க கண்ணுக்கே விசிறி!

வீட்டு ரோபோவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் கண்ணைத் துடைப்பது நம் வேலை. உலர்ந்த மெல்லிய துணி போதும். பெட்டியைத் தண்ணீரில் கழுவலாமா என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். சிலவற்றில் அந்த ஒளிச் சில்லு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, குழாயில் பிடித்தால் அன்றோடு சரி. கழுவக்கூடியதாக இருந்தாலும் நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். ஈரச் சன்னலில்தான் மாவு பசையாகப் பிடிக்கும். மீன் ஆய்ந்த இடத்தில் மட்டும் விடாதீர்கள், செதில் உள்ளே போனால் நாற்றம் ஒரு வாரம் போகாது.

கடைக்குப் போனால் எத்தனை பாஸ்கல் உறிஞ்சும் என்று விற்பவரே முதலில் சொல்லிவிடுவார். பெட்டி நிறைந்ததை இது எதை வைத்துக் கண்டுபிடிக்கிறது என்று நீங்கள் கேளுங்கள். பதில் எதுவானாலும், எங்களைப் போல மணல் ஊரில் இருப்பவர்கள் அது சொல்லும் வரை காத்திருக்காமல் ஒவ்வொரு முறை ஓடி முடித்ததும் கொட்டிவிடுங்கள்.