அழகான போட்டோவுக்கு ஒரு வெள்ளை வேட்டி போதும்!

வீட்டில் போட்டோ எடுப்பது இப்போது காபி போடுவது மாதிரி அன்றாட வேலையாகிவிட்டது. ஆளுக்கொரு செல்போன், குழந்தை கவிழ்ந்தால் ஒரு படம், தவழ்ந்தால் ஒரு படம். ஆனால் எடுத்ததைப் பார்த்தால் பாதி முகம் இருட்டு, கண்ணுக்குக் கீழே குழி, மூக்குக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு நிழல். “என் மூஞ்சியே அப்படித்தான், விடுங்க” என்று நம்மில் பலர் சலித்துக்கொள்கிறோம். சகோதரிகளே, குறை முகத்தில் இல்லை. வெளிச்சம் ஒரு பக்கமாக மட்டும் விழுவதுதான் காரணம். இதைச் சரிசெய்ய போட்டோக்காரர்கள் வைத்திருக்கும் சாமானுக்கு ரிஃப்ளெக்டர் என்று பெயர். பெயர்தான் பெரிசு, விஷயம் ரொம்பச் சின்னது.

ரிஃப்ளெக்டர் என்ன செய்கிறது?

ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பாருங்கள். ஜன்னல் பக்கத்துக் கன்னம் பளிச்சென்று இருக்கும், மறுபக்கம் மங்கலாக இருக்கும். நம் கண் இரண்டையும் சமாளித்துப் பார்த்துவிடும். கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. மங்கலை இருட்டாகவே காட்டிவிடும். அந்த மங்கல் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகையைப் பிடித்தால், ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வந்து முகத்தில் விழும். நிழல் இளகிவிடும். அவ்வளவுதான்.

இதே யுக்தியால் நம் நாட்டு சினிமாவில் ஒருவர் பெரிய பெயர் எடுத்தார். சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ படம் 1956-இல் வந்தது. காசியில் உள்ள வீட்டு முற்றத்தைத் திறந்தவெளியில் கட்டத்தான் முதலில் திட்டம். மழைக்குப் பயந்து ஸ்டூடியோவுக்குள்ளே கட்டினார்கள். ஸ்டூடியோவுக்குள் வானத்து வெளிச்சத்துக்கு எங்கே போவது? ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளைக் கீழிருந்து அந்தத் துணியில் படும்படி வைத்தார். துணியில் பட்டு இறங்கிய வெளிச்சம் நிஜமான வானத்து வெளிச்சம் போலவே இருந்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

எந்த நிறம் வாங்கலாம்?

போட்டோ சாமான் விற்கும் கடைகளில் வட்டமாக மடித்து உறையில் போடும் ரிஃப்ளெக்டர் கிடைக்கிறது. ஒன்றிலேயே ஐந்து வகை இருக்கும்.

வெள்ளை: மென்மையான வெளிச்சம். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இதுதான் நல்லது. ஒன்றே ஒன்று போதும் என்றால் வெள்ளையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெள்ளி: வெளிச்சம் பலமாகத் திரும்பும். பட்டுப்புடவையின் ஜரிகையும் மூக்குத்தியும் மின்ன வேண்டுமானால் இது உதவும். ஆனால் கிட்டே பிடித்தால் கண் கூசும்.

தங்கம்: சாயங்கால வெயில் மாதிரி மஞ்சள் கலந்த வெளிச்சம். அளவோடு பயன்படுத்த வேண்டும்.

கறுப்பு: இது வெளிச்சத்தைத் திருப்பாது; விழுங்கிவிடும். நாலா பக்கமும் வெளிச்சம் அடிக்கிற இடத்தில் முகத்தின் வடிவம் எடுப்பாகத் தெரிய உதவும்.

மெல்லிய வெள்ளைத் துணி: உச்சி வெயிலில் தலைக்கு மேலே குடை மாதிரி பிடித்தால் வெயிலின் கடுமை குறைந்து இதமாக இறங்கும்.

முகம் மட்டும் எடுக்க 60 முதல் 80 சென்டிமீட்டர் அகலம் போதும். புடவைக் கட்டு தெரிய முழு உருவமும் எடுக்க 110 சென்டிமீட்டராவது வேண்டும். சின்னதை வைத்து முழு உருவம் எடுத்தால் முகம் வெளிச்சமாகவும் கொசுவம் இருட்டாகவும் போய்விடும்.

கறுப்பு நிறத்துக்குப் பவுடர் எதற்கு?

இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். எங்கள் உறவில் ஒரு பெண். நல்ல கறுப்பு, களையான முகம். வரன் பார்க்க போட்டோ வேண்டுமென்று ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பவுடரை அப்பி, நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்து எடுத்தார்கள். முகம் சாம்பல் பூசினாற்போல் வந்தது. பெண் அழுதேவிட்டாள். பிறகு வீட்டில் முகத்தைக் கழுவி, ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்து, மறுபக்கம் வெள்ளிப் பக்கத்தை மூன்றடி தள்ளிப் பிடித்தோம். கன்னத்திலும் நெற்றியிலும் எண்ணெய் தடவின சிலை மாதிரி ஒரு மினுமினுப்பு! நிறம் மாறவில்லை, களை வந்துவிட்டது. கறுப்பு முகத்துக்கு அழகு, அதன் மேல் வழுக்கி ஓடும் வெளிச்சம்தான். பவுடர் அதை மூடிவிடும். பெண்ணைப் பெற்றவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே இருக்கிறதே!

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்பதில்லை. வெள்ளை வேட்டியை நாலாக மடித்து நாற்காலி முதுகில் போட்டாலே ஒரு ரிஃப்ளெக்டர். தெர்மாகோல் அட்டை, வெள்ளை சார்ட் பேப்பர் எல்லாம் சரிதான். சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கிப் பிரித்து அட்டையில் ஒட்டினால் வெள்ளிப் பக்கம் தயார். கசக்காமல் ஒட்டினால் வெளிச்சம் திட்டுத் திட்டாக விழும்.

பிடிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

• முகத்திலிருந்து இரண்டு மூன்று அடி தூரத்தில், மார்பு உயரத்திலிருந்து முகம் வரை வருகிற மாதிரி சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். தரையில் வைத்து மேல்நோக்கி அடித்தால் பேய்ப் படத்து முகம்தான் வரும்.

• கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே அவர் கண்ணைப் பாருங்கள். கருவிழியில் ஒரு வெளிச்சப் பொட்டு தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். முகத்துக்கு உயிர் கொடுப்பது அந்தப் பொட்டுதான்.

• மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு ரிஃப்ளெக்டரை இன்னும் பக்கவாட்டில் தள்ளுங்கள்.

• பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் நின்றால் கன்னம் பச்சையடிக்கும். சுவரும் புடவையும்கூட ரிஃப்ளெக்டர்தான்!

தாய்மார்களுக்கு இரண்டு வார்த்தை

வெயிலில் வெள்ளிப் பக்கத்தையோ கண்ணாடியையோ குழந்தையின் கண்ணுக்கு நேரே திருப்பவே கூடாது. பிறந்த குழந்தைக்குத் தங்க நிறமும் வேண்டாம். உடம்பு மஞ்சளாகத் தெரியும். மஞ்சள் பெயின்ட் அடித்த அறையிலும் இதே கதைதான். குழந்தைக்கு மஞ்சள் காமாலையோ என்று சந்தேகம் வந்தால் போட்டோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தில் உடம்பையும் வெள்ளை விழியையும் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

எங்கள் ஊர் வெளிச்சம்

திருவண்ணாமலையில் கோயில் மலைக்குக் கிழக்கே அமைந்திருக்கிறது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் காலை வெயில் நேராக வரும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் சீக்கிரமே நிழல் இறங்கிவிடும். அந்த நேரத்துத் திண்ணை, போட்டோவுக்கு அருமையான இடம். எதிர்வீட்டு வெள்ளைச் சுவரே ரிஃப்ளெக்டராகிவிடும். எங்கள் ஊரில் கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கும் ரமண மகரிஷியின் படம், 1940-களில் வெல்லிங் என்ற போட்டோக்காரர் எடுத்தது. அலங்காரம் ஒன்றுமில்லை. நரைத்த தலை, கனிந்த முகம், வெளிச்சம் தங்கிய இரண்டு கண்கள். இத்தனை வருஷம் கழித்தும் பார்க்கிறவர்களை நிற்க வைக்கிறது.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் அப்படி ஒரு படம் இருக்க வேண்டாமா? பாட்டி காலமான பிறகு, கல்யாண குரூப் போட்டோவிலிருந்து தலையை மட்டும் வெட்டிப் பெரிசாக்கி, மூக்கும் முழியும் கலங்கிய படத்துக்கு மாலை போடுகிற வீடுகள் எத்தனை! “எனக்கெதுக்கும்மா இந்த வயசுல போட்டோ?” என்றுதான் அவர்கள் சொல்வார்கள். சும்மா விடாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமியாரையோ அம்மாவையோ ஜன்னலோரம் உட்கார வைத்து, மறுபக்கம் வேட்டியை விரித்து, பழைய கதை ஒன்றைக் கேட்டுக்கொண்டே நாலு படம் எடுங்கள். அதில் ஒன்றையாவது பிரிண்ட் போட்டு, அவர்கள் கையிலேயே கொடுங்கள்.