பொறிகள் ஆடும் சதுரங்கம்

தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை இரு சிறுவர் பந்தயம் ஓடுவதாகக் கொள்வோம். ஒருவன் தன் கால்களை நம்பி ஓடுகிறான். மற்றவன் மிதிவண்டியில் ஏறிச் செல்கிறான். முதலில் சேர்ந்தவனுக்கே பரிசு என்றால் காண்போர் நகைப்பர் அன்றோ? சரி, இருவருக்கும் மிதிவண்டி கொடுத்துவிடலாம். ஆனால் ஒருவனைச் சாலை வெறிச்சோடிக் கிடக்கும் வைகறையிலும், மற்றவனை அலுவலகங்கள் விட்டு ஊர்திகள் நெருக்கியடித்து நிற்கும் மாலையிலும் புறப்படச் செய்தால், அப்போதும் அது நேரிய பந்தயம் ஆகாது. பாதை ஒன்றே, தொலைவும் ஒன்றே, நிலைமை ஒன்றன்று.

சாலையில் இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலனாகிறது. சதுரங்கத்தில் அது மறைந்து நிற்கிறது. 64 கட்டங்கள், இரு பக்கமும் 16 காய்கள், இருவருக்கும் ஒரே விதிகள். பலகையை மட்டும் நோக்குவோர்க்கு இதனினும் நடுநிலையான களம் வேறில்லை என்றே தோன்றும். கணிப்பொறி ஆடத் தொடங்கிய பின்னரே, பலகைக்கு வெளியே உள்ளவற்றையும் அளந்து பார்க்கும் தேவை மிகுந்தது.

மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்த், 1998ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் இஸ்கியா தீவில் 'ரெபெல்' என்னும் கணிப்பொறி நிரலோடு எட்டு ஆட்டங்கள் ஆடினார். முதல் நான்கும் ஐந்து நிமிட விரைவாட்டங்கள். அவற்றில் பொறி 3 புள்ளிகளும் ஆனந்த் 1 புள்ளியும் பெற்றனர். அடுத்த இரண்டும் பதினைந்து நிமிட ஆட்டங்கள். அவற்றிலும் பொறியே ஒன்றரைக்கு அரை என முந்தியது. இறுதி இரண்டும் நாற்பது நகர்வுக்கு இரண்டு மணி நேரம் என்னும் முழு அளவு ஆட்டங்கள். அங்கே நிலை தலைகீழாயிற்று; ஒன்றரைப் புள்ளி ஆனந்துக்கும் அரைப் புள்ளி பொறிக்கும் கிடைத்தன. கூட்டிப் பார்த்தால் 5–3 என்று பொறி வென்றது. எனினும் இருவரில் வல்லவர் யார் என்ற வினாவுக்கு அக்கூட்டுத்தொகை முழு விடை ஆகுமா? ஆடியவர் அவரே, எதிர்நின்ற நிரலும் அதுவே, மாறியது கடிகாரம் மட்டுமே. நெடிய ஆட்டங்கள் ஆறும் விரைவாட்டங்கள் இரண்டுமாக அமைத்திருப்பின் முடிவு வேறாக இருந்திருக்கக் கூடும்.

இதற்குக் காரணம் உண்டு. சதுரங்கத்தில் ஒரு நிலையிலிருந்து சராசரியாக முப்பதுக்கு மேற்பட்ட நகர்வுகள் இயலும். அவை ஒவ்வொன்றுக்கும் எதிராளி முப்பதுக்கு மேற்பட்ட விடைகளைத் தரலாம். இவ்வாறு ஒரு படி மேலும் நோக்கவேண்டுமாயின் ஆராயவேண்டிய நிலைகள் பன்மடங்காகப் பெருகுகின்றன. பயனற்ற கிளைகளைத் தறித்துவிடும் உத்திகள் நிரலுக்குத் தெரியும்; ஆயினும் கூடுதல் நேரம் அதற்குத் தருவது சில படிகளே. மனிதனோ விரைவில் தடுமாறுகிறான். நேரம் வாய்ப்பின் ஆழ்ந்து திட்டமிடுகிறான். இது அக்கால நிலை என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். இன்றைய நிரல்கள் நெடிய ஆட்டத்திலும் மனிதரை விஞ்சிவிட்டன.

மறு ஆண்டே, 1999இல், ஸ்பெயின் நாட்டு லெயோன் நகரில் வேறொரு வகைப் போட்டி நிகழ்ந்தது. ஆனந்தும் உருசிய வீரர் அனத்தோலி கார்ப்பொவும் தத்தம் அருகே கணிப்பொறியை வைத்துக்கொண்டு, அதனைக் கலந்தே ஆடினர். ஆனந்த் 5–1 என வென்றார். அவர் கணிப்பொறியோடு நெடுநாள் பழகியவர். அவ்வாறாயின் இது நடுநிலை பிறழ்ந்த போட்டியோ எனில், அன்று. பொறியைக் கையாளும் திறனை அளப்பதே அப்போட்டியின் நோக்கம். மிதிவண்டிப் பந்தயத்தில் மிதிவண்டி பழகியவன் வெல்வது குறையாகுமா?

2022ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் நடைபெற்ற 44ஆம் சதுரங்க ஒலிம்பியாடிலோ நிலைமை நேர்மாறானது. அங்கே அளக்கப்பட்டது மனிதரின் திறன் மட்டுமே. ஆகவே கைப்பேசி ஆட்டக்கூடத்திற்குள் புகுதல் ஆகாது. லெயோனில் கருவியாக இருந்த பொருள், இங்கே கள்ளத்தனம் ஆகிவிடுகிறது.

இனி, பொறியும் பொறியும் பொருதும் போட்டிகளைக் காண்போம். முதல் உலகக் கணிப்பொறிச் சதுரங்கப் போட்டி 1974ஆம் ஆண்டில் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்தது; சோவியத் நாட்டின் 'கைசா' வென்றது. அந்நாளில் ஒவ்வொரு நிரலும் தனக்கு வாய்த்த கணிப்பொறியில் ஆடிற்று. வலிய பொறி வாய்த்த நிரல் வென்றால் அது நிரல் எழுதியவரின் அறிவுக்குக் கிடைத்த வெற்றியா, பொறியின் வேகத்திற்குக் கிடைத்த வெற்றியா? இவ்வினா நெடுங்காலம் நீடித்தது. 2010ஆம் ஆண்டில் ஜப்பானின் கனசாவா நகரில், எல்லா நிரல்களும் ஒரே வகைப் பொறியில் ஆடும் தனிப் போட்டியொன்று தொடங்கப்பெற்றது. பழைய போட்டியும் நிறுத்தப்படவில்லை. இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை தேடின, அவ்வளவே.

பொறி ஒன்றாயினும் தொடக்கம் என்னும் சிக்கல் எஞ்சுகிறது. வல்ல நிரல்கள் இரண்டு முதல் நகர்விலிருந்து தாமாகவே ஆடினால் பெரும்பாலும் வெற்றி தோல்வியின்றி முடியும். எனவே அமைப்பாளர் சில தொடக்க நகர்வுகளைத் தாமே வகுத்து, ஒரு பக்கம் சற்றே மேலோங்கிய நிலையில் ஆட்டத்தை விடுகின்றனர். இஃது ஓரவஞ்சனை போலத் தோன்றும். ஆனால் அதே நிலை மறுமுறையும் வைக்கப்படுகிறது. இம்முறை வெள்ளை ஆடியது கறுப்பை ஆடும். சமமற்ற நிலையைக் கொண்டே சமன் செய்யும் இம்முறை மிகவும் நயமானது.

2017ஆம் ஆண்டு டிசம்பரில் 'ஆல்ஃபாசீரோ' என்னும் நிரல், 'ஸ்டாக்ஃபிஷ்' என்னும் புகழ்பெற்ற நிரலோடு 100 ஆட்டங்கள் ஆடி, 28இல் வென்று 72இல் சமன் செய்தது, ஒன்றிலும் தோற்கவில்லை. உலகம் வியந்தது. அறிந்தோர் சிலர் ஐயுற்றனர். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு நிமிடம் என்று கட்டியதால், கடினமான நிலைக்கு நேரத்தைச் சேமித்து வைக்கும் ஸ்டாக்ஃபிஷின் திறன் பயனற்றுப் போயிற்று; அதற்கு அளித்த நினைவகமும் சிறிது என்றனர். அக்குறைகள் களையப்பட்டு, 1000 ஆட்டங்களின் முடிவு 2018இல் வெளியாயிற்று. ஆல்ஃபாசீரோ 155 வெற்றியும் 6 தோல்வியும் கண்டது, ஏனையவை சமன். வெற்றி முன்னையதினும் அடக்கமானது. ஆனால் முன்னையதினும் நம்பத்தக்கது.

ஆயினும் ஒன்று தீரவில்லை. ஆல்ஃபாசீரோ தனிவகைச் சில்லுகளில் இயங்குவது. ஸ்டாக்ஃபிஷ் வழக்கமான கணிப்பொறிச் சில்லுகளில் இயங்குவது. ஒன்றனை மற்றதன் பொறியில் ஏற்றினால் அதன் வலிமை குன்றும். ஆதலின் ஒரே பொறி என்னும் பழைய விதி இங்கே உதவாது. விலையால் ஒப்பிடுவதா, செலவாகும் மின்சாரத்தால் ஒப்பிடுவதா, நொடிக்குச் செய்யும் கணக்குகளால் ஒப்பிடுவதா? ஒவ்வோர் அளவுகோலும் ஒவ்வொரு பக்கம் சாய்கிறது. போட்டி நடத்துவோர் இன்றும் இருவகைப் பொறிகளையும் அருகருகே நிறுத்தி, ஏறத்தாழ ஒத்தவை எனத் தாம் கருதும் அளவில் களத்தை அமைத்து வருகின்றனர்.