மாற்று வெப்பமூட்டல்

மாற்று வெப்பமூட்டல் என்பது, மின்சாரத்தால் மட்டுமே சூடாக்கப்படும் வீடுகளில் குளிர்கால மின்தடையைச் சமாளிக்கச் செய்யப்படும் ஏற்பாடாகும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நீர்மின்சாரம் மலிவு என்பதால் பெரும்பாலான வீடுகள் இவ்வகையினவே. 1998 சனவரியில் அங்கு பெய்த உறைமழையால் கம்பிகளில் பனிக்கட்டி படிந்து மின்கோபுரங்கள் சரிந்தன. சில இடங்களில் மின்தடை ஒரு மாதம் வரை நீடித்தது.

வகைகள்

* விறகு அடுப்பு: மின்சாரமின்றி இயங்கும்; புகைபோக்கி தேவை.
* புரோப்பேன் சூடாக்கி: கழிவு வாயுவைக் குழாய்வழி வெளியேற்றும் வகை பாதுகாப்பானது.
* மின்னாக்கி: வீட்டிற்கு வெளியே, சன்னல்களிலிருந்து தொலைவில் இயக்கப்பட வேண்டும். சிறிய மின்னாக்கியால் ஓரிரு சூடாக்கிகளையே இயக்க இயலும்.

பாதுகாப்பு

எரிபொருள் முழுமையாக எரியாதபோது நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. 1998 மின்தடையின்போது இவ்வாயுவாலும் உயிரிழப்புகள் ஏற்பட்டன. எனவே கரி அடுப்பை வீட்டினுள் மூட்டலாகாது. மின்கலத்தால் இயங்கும் வாயு உணரியைப் பொருத்துதல் இன்றியமையாதது.